முகப்புப் பக்கத்தில் குடிவந்தவர்கள்

செண்பகவல்லியின் இணையதளத்தில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்கள் குடிவந்தார்கள். தளம் இன்னும் உருவாகவே இல்லை. நோட்டில் பென்சிலால் போட்ட முகப்புப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதற்குள் என்ன அவசரமோ, பாய் தலையணையோடு வந்துவிட்டார்கள்.

பக்கத்தின் திட்டம் ரொம்ப எளிது. மேலே இடது மூலையில் அவள் பெயர். கீழே அவள் வரைந்த ஒரு கோழி. கோழி அகலமான சாலையைக் கடக்கிறது. சாலை என்று தனியாக எதையும் அவள் வரையவில்லை. மீதி வெள்ளை இடம் முழுவதும்தான் சாலை. அதில் ஒரு புள்ளி வைத்தாலும் படம் கெட்டது.

சென்னையில் குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம் ஓவியர் தேடியது. உங்கள் பக்கத்தின் வடிவமைப்பைச் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் அனுப்புங்கள், பிடித்தால் வேலை உங்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். கிடைத்தால் கோவில்பட்டி ஃபிளெக்ஸ் கடைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். பன்னிரண்டு வருஷம். காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் உள்ள அத்தனை மூஞ்சியையும் பேனரில் ஒட்டியவள் அவள்தான். ஒரு விரல்கடை இடம் காலியாக இருந்தாலும் முதலாளிக்குச் சோறு இறங்காது. பேனர் அடியில் கடையின் பெயர் இருக்கும். அவள் பெயர் ஒன்றில்கூட இருந்ததில்லை.

பக்கத்துக்குள் முதலில் வந்தவர் அந்த முதலாளிதான். தவசிக்கனி அண்ணாச்சி. இரண்டு அங்குல உயரத்தில், கைகூப்பி, சிரித்த முகமாக, கோழிக்கு இடதுபுறம் நின்றார்.

“இடம் சும்மாதான கெடக்கு” என்றார்.

“சும்மா இல்ல, அண்ணாச்சி. அது ரோடு.”

“ஓரமாத்தான நிக்கேன். நீ பாட்டுக்கு வேலையப் பாரு.”

அடுத்து ஒரு தாய்மாமன் வந்தார். அவள் கடையில் சேர்ந்த புதிதில் தன் அக்கா மகளின் சடங்குக்கு முப்பது அடியில் பேனர் அடித்தவர். தனியாகவா வருவார்? கூடவே அதே பேனரில் இருந்த பதினெட்டுப் பேர். எல்லோரும் கைகூப்பியிருந்தார்கள். அப்படியே நின்றுகொண்டு யார் பெரிசு என்று சண்டையும் போட்டார்கள்.

“அண்ணாச்சிய விட நான் சின்னதா இருந்தா எனக்கு என்ன மரியாத?” என்றார் தாய்மாமன்.

பக்கம் நீண்டது. நோட்டு மேசையைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, எதிர்ச் சுவரில் போய் முட்டியது. நீண்ட இடத்திலும் அவர்களே பரவி நின்றார்கள். மூலையில் இருந்த அவள் பெயர்மேல் ஒருவர் பாயை விரித்தார்.

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பரை எடுத்துத் தாய்மாமனை அழித்தாள். அவர் அரை அங்குலம் நகர்ந்து நின்றுகொண்டார்.

“அழிக்கணும்னா ஆர்டர் வேணும்” என்றார். அதைச் சொல்ல அந்த மனுஷனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

வெற்றிடத் தாசில்தார் அலுவலகம் அவள் வீட்டு அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்தது. நடந்துபோக இரண்டு மணி நேரம் ஆனது. தாசில்தார் அம்மாள் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்.

“காலி இடமா?”

“ஆமா மேடம். என்னோடது.”

“எப்பயிருந்து?”

“இன்னைக்குக் காலையில இருந்து.”

தாசில்தார் ஒரு பதிவேட்டைப் புரட்டினார். “அவங்க உங்க கையில பன்னெண்டு வருசமா இருக்காங்களே. ஒரு எடத்துல பன்னெண்டு வருசம் இருந்துட்டா அது அவங்களுக்குப் பாத்தியம். உங்க கை அவங்களோடது. அந்தக் கை போட்ட பக்கமும் அவங்களோடது.”

“என் கையா?”

“வேணும்னா ஓரத்துல ஸ்டாம்பு சைசுக்கு எடம் கேட்டுப் பாருங்க. நல்ல மனுசங்க. தருவாங்க.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அலுவலகத்தின் மின்விசிறி நின்றது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சொந்தப் பக்கத்தில் ஸ்டாம்பு சைசாம். அதையும் கேட்டு வாங்க வேண்டுமாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மேடம், தவசிக்கனி அண்ணாச்சிக்கு மீசை வச்சது யாரு?”

தாசில்தார் பதிவேட்டைப் பார்த்தார். “நீங்க.”

“முன்நெத்தியில முடி?”

“அதுவும் நீங்கதான்.”

“தாய்மாமனுக்குத் தாடைச் சதையக் கொறச்சது? கன்னத்த வெளுத்தது? பல்ல வரிசையா அடுக்குனது?”

“எல்லாம் நீங்கதான்னு போட்டிருக்கு.”

“அந்த மூஞ்சியில எல்லாம் என் கை எத்தன வருசமா இருக்கு?”

தாசில்தார் பொரிகடலையைக் கீழே வைத்தார். “பன்னெண்டு.”

“அப்ப அதெல்லாம் யாருக்குப் பாத்தியம்?”

ஆர்டர் இரண்டே வரி. மேற்படி முகங்களை மனுதாரர் வசம் ஒப்படைக்க வேண்டியது. தாசில்தார் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். திரும்பி வர நான்கு எட்டுதான் ஆனது.

செண்பகவல்லி ஆர்டரைச் சத்தமாகப் படித்தாள். பிறகு தாய்மாமனிடமிருந்து ஆரம்பித்தாள். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பியதும் முகம் ஃபிளெக்ஸ் மாதிரியே உரிந்து வந்தது. சுருட்டி அரிசிப் பையில் போட்டாள். இருபது முகங்களுக்கு அந்தப் பை போதுமானதாக இருந்தது. உரிக்க உரிக்க அவள் கோபம் குறையவில்லை. கை மட்டும் நிதானமாக வேலை செய்தது.

ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். நோட்டு தன் பழைய அளவுக்குச் சுருங்கியது. அண்ணாச்சி மட்டும் வாசற்படியில் நின்றார். முழு உயரத்தில் இருந்தார். காதிலிருந்து காதுவரை வெறும் வெள்ளை.

“செண்பகம், மூஞ்சி இல்லாம நான் எப்பிடிம்மா தெருவுல நடப்பேன்? என்னய யாருக்குத் தெரியும்?”

அவளுக்குப் பாவமாக இல்லை.

“பன்னெண்டு வருசமா நான் நடக்கலையா, அண்ணாச்சி?”

அவர் சுவரைத் தடவியபடி படியிறங்கினார். அவள் கதவைச் சாத்திவிட்டு, நாலு ஐம்பதுக்குப் பக்கத்தை அனுப்பினாள்.