இரண்டு முறை வீடு வந்த பல் மருத்துவர்

நாற்சந்தியில் கேமரா பொருத்திய மூன்றாம் நாள், பல் மருத்துவர் தன் வீட்டுக்கு இரண்டு முறை வந்து சேர்ந்தார். முதல் முறை மாலை ஆறு பத்துக்கு, இரண்டாம் முறை அதற்கு ஒன்றரை நிமிடம் கழித்து. இரண்டு முறையும் கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. முதலில் வந்தவர் செருப்பை உதறிவிட்டு நேராகத் தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர் ஸ்கூட்டரைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, செருப்பை ஜோடியாக வைத்து, "இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். பதினான்கு வருடத்தில் கேட்காத கேள்வி என்பதால், மனைவிக்கு முதல் சந்தேகம் அதில்தான் வந்தது. ஒரே எண்ணுள்ள இரண்டு ஸ்கூட்டர்கள் வாசலில் நின்றதை அதற்குப் பிறகே கவனித்தார். பின்னால் வந்த ஸ்கூட்டரில் பெட்ரோல் கொஞ்சமும் குறைவாக இல்லை. சிக்னலில் நின்றபோது எஞ்சினை அணைத்திருக்கிறார்.

அந்தச் சந்தியில் சிவப்பு தொண்ணூறு வினாடி எரியும். கேமரா வருவதற்கு முன்பு அதை முழுதாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வாரத்துக்கு மூன்று மோதல்கள் நடந்தன. எலும்பு மருத்துவமனை அங்கிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் யாரும் நடந்து போனதில்லை. நகராட்சி ஒரு கம்பம் நட்டு அதில் கேமராவை மாட்டியது. சிவப்பில் கோட்டைத் தாண்டினால் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வெட்டும், படம் பதிவாகும். தாண்டியவர் தன் வழியே போய்விடுவார். தாண்டாமல் நின்றிருக்க வேண்டிய அவரே கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். பச்சை விழுந்ததும் அவரும் கிளம்பி வீட்டுக்குப் போவார். முதல் வாரத்தில் இருபத்து மூன்று பேர் இப்படி இரண்டானார்கள்.

போக்குவரத்து அலுவலகம் இதற்காகப் புதிதாக எதையும் செய்யவில்லை. பழைய படிவமே போதுமானதாக இருந்தது. அபராத அறிவிப்போடு வரும் அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, 'படத்தில் தாண்டுபவர் நானே.' மற்றது, 'படத்தில் தாண்டுபவர் நானல்ல.' வண்டி திருடுபோனவர்களுக்காக வைத்த கட்டம் இரண்டாவது. முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டால், மை காய்வதற்குள் பின்னால் வந்தவர் முன்னால் வந்தவருக்குள் அடங்கிவிடுவார். மரக்கடைக்காரர் படிவம் வாங்கிய இடத்திலேயே கையெழுத்துப் போட்டார், இரண்டாமவர் சாப்பாட்டிலும் நிதானமாக மூன்று தட்டு சாப்பிட்டதால். பேருந்து ஓட்டுநர் ஒருவர் மட்டும் நான்கு நாள் அவகாசம் கேட்டார். அவர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும் வேலை இரண்டாமவர் கையில் பாதியில் நின்றது.

பல் மருத்துவர் எதையும் ஒப்புக்கொள்ளும் ரகம் அல்ல. ஒருமுறை பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டு, அது வரிசை மாறி நின்றதாகச் சொன்னவர். படிவம் வந்த அன்று கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டது பக்கத்து வீடு வரை கேட்டது.

"பேசாம கையெழுத்துப் போடுங்க. விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னே எத்தனை நாளைக்கு?"

"தாண்டினது அவன். நான் எதுக்குப் போடணும்?"

"தாண்டினது நீங்க. நின்னது அவரு."

"அவன் எப்பலேர்ந்து உனக்கு அவரானான்?"

மனைவி பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். விடை தெரிந்த கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை. பல் மருத்துவர் இரண்டாவது கட்டத்தில் அழுத்திக் குறியிட்டார். ஆதாரமாக, பின்னால் வந்தவரிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கி இணைத்தார். 'பல் மருத்துவராகிய நான் அன்று மாலை கோட்டுக்குப் பின்னால்தான் நின்றேன், தாண்டவில்லை' என்று அவர் எழுதிக் கொடுத்தார். பொய் எழுத அவருக்குத் தெரியாது. அதில் பொய்யும் இல்லை.

பதில் வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒன்பது வயது மகள் இருவருக்கும் சிவப்பு அப்பா, பச்சை அப்பா என்று பெயர் வைத்துவிட்டாள். பச்சை அப்பா கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டார். கிளினிக்கில் காலை ஒருவர், மாலை ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். சிவப்பு அப்பா மரத்துப்போகும் ஊசி போட்ட கையோடு பல் பிடுங்கும் இடுக்கியை எடுப்பார். பச்சை அப்பா ஊசி போட்டுவிட்டு, உதட்டை மெதுவாகத் தட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகட்டும்" என்பார். நாலாவது மாதத்தில் காலை வேளையில் சிவப்பு அப்பா ஈ ஓட்டவேண்டியதாயிற்று. பச்சை அப்பாமேல் கோபப்படவும் வழியில்லை. கோபப்பட்டால், முடியும்வரை குறுக்கிடாமல் கேட்பார்.

சந்தியில் மோதல்கள் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. அபராதத்துக்குப் பயந்து அல்ல. தன்னைவிட நல்லவர் ஒருவர் தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வாரே என்ற பயம்தான்.

ஏழாம் மாதம் கடிதம் வந்தது. 'தங்கள் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பல் மருத்துவர் கோட்டுக்குப் பின்னால் நின்றார் என்பது நிரூபணமாகிறது. தாண்டியவர் அடையாளம் தெரியாத வேறொரு நபர். அவர் தங்கள் வீட்டில் தங்கியிருந்தால் தெரியப்படுத்தவும்.' சிவப்பு அப்பா அதை மூன்று முறை படித்தார். முதல் முறை ஜெயித்துவிட்டதாக நினைத்தார். மூன்றாம் முறை சட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே படங்களைச் சரிபார்க்கும் பெண் எழுத்தர் கோப்பை எடுத்து விரித்தார்.

"அது நானேதாம்மா. ஒத்துக்கறேன், போதுமா? கொடு, கையெழுத்துப் போடறேன்."

"போடலாம் சார். நீங்க யாருன்னு போடுவீங்க?"

"பல் டாக்டர்னு."

"பல் டாக்டர் நின்னுட்டாரு சார், கோப்பு முடிஞ்சாச்சு. நீங்க தாண்டினவரு."

"மூஞ்சி ஒண்ணுதானேம்மா?"

"மூஞ்சி நல்லாவே விழுந்திருக்கு சார். நானல்லன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

அன்று முதல் கிளினிக் பச்சை அப்பாவுடையது ஆனது. ஓட்டுநர் உரிமமும் குடும்ப அட்டையும் அவர் பக்கம் போயின. சிவப்பு அப்பா இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். ஆனால் வியாழக்கிழமை மகளை அழைத்துவரப் போனபோது, பள்ளிக் காவலாளி கம்பிக்கதவைப் பாதி சாத்திவிட்டு, "நீங்க பாப்பாவுக்கு என்ன உறவுங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். பட்டியலைப் பார்த்தார். அப்பா என்ற இடத்தில் பெயர் இருந்தது, இப்போது அது இவருடையது இல்லை. வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியைப் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்தார்.

"நீங்க நிக்காம விட்டது தொண்ணூறு வினாடி. போய் நின்னுட்டு வாங்க."

"கையெழுத்துல போகாதது நின்னா போயிடுமா?"

"கணக்குல போகும். ஆனா இன்னொரு தடவை தாண்டினீங்க, மூணாவது ஆள் வந்துடுவாரு. படுக்க இடமில்ல, சொல்லிட்டேன்."

மறுநாள் மாலை அவர் ஸ்கூட்டரில் போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றார். அறுபத்தைந்து வினாடி மீதமிருக்கும்போதே வலது கை தானாக முறுக்கத் தொடங்கியது. அங்கே இடப்பக்கம் திரும்புவதற்கு எப்போதும் அனுமதி உண்டு. திரும்பி ஓடிவிட்டார். நான்கு நாட்கள் இடப்பக்கமே ஓடினார். நான்காம் நாள் முப்பது வரை தாக்குப்பிடித்ததில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சிவப்பு எரியும்போது எதிரே மனிதர்கள் சாலையைக் கடந்தார்கள். ஒருவர் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு கிழவர் ஊன்றுகோலை முன்னால் வைத்து, பிறகு யோசித்து, பிறகு காலை வைத்தார். பதினொரு வருடம் அந்த வழியில் போனவருக்கு அங்கே மனிதர்கள் கடக்கும் பாதை ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் கடந்தவர்களில் மகளும் இருந்தாள். ஓவிய வகுப்பு முடிந்து தினமும் அந்த வழியாகத்தான் வருகிறாள் என்பதும் அவருக்குப் புதிய செய்தி. பாதி வழியில் அவரையும், முறுக்கக் காத்திருந்த அவருடைய கையையும் பார்த்தாள். ஓடிப்போய் நடைமேடையில் ஏறிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, அசையாதீங்க! இன்னும் நாப்பதுதான்!"

அவர் எஞ்சினை அணைத்தார். மகள் நாற்பதிலிருந்து கீழே எண்ணினாள். இருபதில் அவருடைய கை சாவி வரை போய்த் திரும்பியது. பன்னிரண்டில் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணைத் தொறங்க, ஏமாத்தக் கூடாது!" என்று நடைமேடையிலிருந்து அதட்டல் வந்தது. திறந்தார். மூன்று, இரண்டு, ஒன்று. பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்து ஹாரன் அடிக்கும்வரை அவர் நகரவில்லை.

அதே நேரத்தில் கிளினிக்கில் தபால்காரப் பெண்மணி ஒருவரின் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்த பச்சை அப்பா, கருவியைத் தட்டில் வைத்தார். "வாயை மூடிடாதீங்க, இதோ வந்துடறேன்" என்றார். அதன்பின் சுழல் நாற்காலியில் வெள்ளை அங்கி மட்டும் இருந்தது. பத்தொன்பது நிமிடம் கழித்து, மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, வழியில் இன்னும் இரண்டு சிக்னல்களில் நின்று, பல் மருத்துவர் வந்து சேர்ந்தார். கை கழுவினார். அங்கியை மாட்டினார். விட்ட இடத்திலிருந்து பல்லை அடைத்து முடித்தார்.

ஆள் மாயமானதைப் பற்றித் தபால்காரப் பெண்மணியிடம் பிறகு நிறையப் பேர் விசாரித்தார்கள். "வந்துடறேன்னாரு, வந்துட்டாரு" என்றார் அவர். தாடைதான் இரண்டு நாள் வலித்ததாம்.