மூன்றாவது சீல்

மெக்கானிக் ரபீக்குக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து குந்தியே வேலை பார்த்ததில் எழுந்தால் முதுகு நிமிரவில்லை, உட்கார்ந்தால் முட்டி மடங்கவில்லை. முன்னால் சகாதேவன் மேஸ்திரியின் கலவை மெஷின் நின்றது. அடியில் விரித்த அட்டையில் கறுப்பாக ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயில் கசியாமலிருக்க ரபீக் மாட்டியிருந்தது மூன்றாவது சீல்.

“என்னா பாய், இதுவும் அழுவுதா?” என்றான் வல்லரசு. மெஷின் ஓட்ட வந்திருக்கும் புது ஆள்.

“நீ ஆயில் ஜாஸ்தி ஊத்திட்டியா?”

“குச்சிய எடுத்துப் பாருங்க. கோடு தாண்டல. எம்மேல போடாதீங்க பாய். ஏற்கெனவே ஒருத்தன்மேல போட்டாச்சு.”

ரபீக் ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். கோடு தாண்டவில்லை.

அந்த ஒருத்தன் சின்னசாமி. வருஷக்கணக்கில் இதே மெஷினை ஓட்டியவன். ஆடி மாதம் வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டபோது, பாதித் தளத்தில் ஆயில் வற்றி இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வீட்டுக்காரர் சாமியாடினார். சகாதேவன் ரபீக்கை வரவழைத்தார். முந்தின வாரம்தான் ரபீக் சீல் மாற்றிக் கொடுத்திருந்தார். தான் போட்ட சீல் எப்படி ஒழுகும்?

“சீல் நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. ஆயில் பார்க்காம ஓட்டியிருக்கான்.”

“காலையிலதான் ஊத்துனேன் பாய்” என்றான் சின்னசாமி. அவன் பேச்சு எடுபடவில்லை. வேலைக்காரன் பேச்சுக்கு மேல் மெக்கானிக் பேச்சு. அன்று மதியமே சகாதேவன் அவனை அனுப்பிவிட்டார்.

ரபீக் இன்ஜினை ஓடவிட்டார். சும்மா ஓடும்போது கசியவில்லை. வல்லரசு ஜல்லியும் மணலும் அள்ளிப் போட்டு டிரம்மைச் சுற்றவிட்டதும், பெல்ட் ஓடும் புல்லிப் பக்கம் ஆயில் வழிந்தது. பாரம் ஏறினால் ஒழுகுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று சீறியது. மூடியை அப்படியே தளர்வாக விட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். கசிவு நின்றது.

சீலில் குற்றமில்லை. உள்ளே காற்று அடைபட்டு, போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. இன்ஜின் மூச்சுவிடும் ஓட்டை எங்கே?

இன்ஜின் நெற்றியில், வட்ட மூடியில் இருந்தது. அதன்மேல் சந்தனமும் குங்குமமும். வெள்ளிக்கிழமைதோறும் சகாதேவன் கற்பூரம் காட்டி வைக்கும் பொட்டு. பழையதைத் துடைக்காமல் அதன்மேலேயே அப்பி அப்பி, வெயிலில் காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. இறுகின இன்ஜினை முழுசாகப் பிரித்தபோதுகூட ரபீக் அந்த மூடியைத் தொடவில்லை. சாமிக்கு வைத்த பொட்டு, நாம் ஏன் கைவைப்பது என்று ஒதுங்கியே வேலை பார்ப்பார். எந்த வண்டிக்கும் அவர் வழக்கம் அதுதான்.

“மேஸ்திரி, இதைச் சுரண்டணும்.”

சகாதேவன் செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டுக் கும்பிட்டு, தானே ஆணியால் நெம்பினார். விரல் தடிமனில் ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. ஓட்டை தெரிந்தது. ஆயில் மூடியை இறுக்கி, பாரம் ஏற்றி ஓட்டினார்கள். அட்டையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

“அப்ப சின்னசாமி?” என்றார் ரபீக்.

சகாதேவன் தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்துப் பக்கம் பார்த்தார். “நான் வச்ச பொட்டால மெஷின் கெட்டுச்சுன்னு வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்களும் அவன்மேலதானே சொன்னீங்க. உட்டுடுங்க பாய்.”

வல்லரசு பீடியைக் கீழே போட்டு மிதித்தான். “கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்ட மூட்டை தூக்குறான். இன்ஜின காய வுட்டவன்னு பேராயிடுச்சு. எந்த மேஸ்திரியும் மெஷினாண்ட சேக்கல.”

ரபீக் கையைத் துடைத்துக்கொண்டு மணல் மேட்டுக்கு அப்பால் போய் நின்று போன் போட்டார்.

“சொல்லு பாய்.” சின்னசாமிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ வேர்க்கடலை மூட்டைக்கு ஆள் கூப்பிட்டார்கள்.

“எப்படி இருக்க?”

“இருக்கேன். என்னா விஷயம்?”

சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சகாதேவன் தரும் வேலை போகும். வீணாக மாற்றிய சீல்களுக்கும் பேச்சு வரும். ஊரில் தன் பேரும் சின்னசாமி பேர் மாதிரி ஆகும்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“சரி பாய், மூட்டை நிக்குது.” போனை வைத்துவிட்டான்.

தப்பு உன்மேல் இல்லை என்று சகாதேவன் முன்னால், நாலு மேஸ்திரிகள் கேட்கச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. ரபீக் சின்னசாமிக்குப் பட்ட கடன் அது. இன்னும் தீரவில்லை.