குண்டானில் மீந்த களி

களிக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு புழக்கடைக் கதவைத் தாண்டப்போன கோவிந்தம்மாளை ராஜப்பன் மறித்தான். மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஆட்களோடு வந்து இறங்கியவன், செத்துக் கிடந்த தங்கச்சி பாஞ்சாலியின் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கையில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை.

"இந்தாம்மா, அதுல என்னா?"

நேற்றுவரை அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"களி. சாவு வூட்டுல ஆக்குனத வெச்சிருப்பாங்களா? கொட்டப் போறன்."

கொட்டுவது வழக்கம்தான், அவன் வீட்டிலும் கொட்டுவார்கள். ஆனால் கொட்டுகிறவள் செத்தவளின் நாத்தனாராக இருந்தால் வழக்கத்துக்கும் ஒரு வாடை வந்துவிடுகிறது.

"காத்தால இதத் தின்னுட்டுத்தான எந்தங்கச்சி வுழுந்தா?"

வாசலில் ஒப்பாரி பாதியில் நின்றது. அழுகிறவர்களுக்கும் காது உண்டு.

பாஞ்சாலிக்கு முப்பத்திரண்டு வயது. வெற்றிலை கிடையாது, காபி கிடையாது, களியும் கீரையும்தான். கத்தரிக்காய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் சந்தைக்கு நடந்தால் பின்னால் வரும் ஆம்பிளைகளுக்கு மூச்சு வாங்கும். அன்று காலை தாடை வலிக்கிறது, முதுகைப் பிடிக்கிறது என்றாள், வேர்த்து ஊற்றியது. வாயு என்று சொல்லி ஓமத்தண்ணி கொடுத்தது கோவிந்தம்மாள்தான். டம்ளர் விழுந்தது, கூடவே ஆளும் விழுந்தாள்.

பாலக்கோட்டிலிருந்து வந்த டாக்டர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டு நஞ்சம்மாள் நம்பவில்லை. மாரடைப்பு பிளசர் காரில் போகிற தொந்திக்காரர்களுக்கு வருவது. களி தின்கிறவளுக்கு எப்படி வரும்? களியில் விஷ மருந்துதான் வைத்திருக்க வேண்டும். புருஷன் செத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்ட கோவிந்தம்மாளும் பாஞ்சாலியும் பேசிக்கொண்டாலே தெருமுனைவரை கேட்கும். ஊருக்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா? உள்ளதைச் சொன்னால், டாக்டர் பேச்சைக் கோவிந்தம்மாளும்தான் நம்பவில்லை.

கோடி போட மாட்டேன் என்றுவிட்டான் ராஜப்பன். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பிணம் எழும்பாது. கூட வந்தவன் ஒருவன் போலீஸைக் கூப்பிட்டால் அறுத்துப் பார்ப்பார்கள் என்றான். தூணில் சாய்ந்திருந்த பாஞ்சாலியின் புருஷன் குப்புராஜ் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். தம்பியின் பார்வையிலும் அதே கேள்வி இருந்தது.

கோவிந்தம்மாள் வாசலுக்கு வந்து பிணத்தின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குண்டானை மடியில் வைத்துக் களியைப் பிட்டு வாயில் போட்டாள். பிணம் எடுக்கும்வரை யார் பல்லிலும் பச்சைத் தண்ணிகூடப் படக்கூடாத வீடு. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்துக்கிட்டே இரு, ராஜப்பா. நானும் வுழுந்தா எனக்கும் ஒரு கோடி எடுத்தாந்து போடு."

உப்பு குறைவாக இருந்தது. பாஞ்சாலி எப்போதும் அப்படித்தான் போடுவாள், உடம்புக்கு நல்லது என்று. தினமும் சண்டை அதில்தான் தொடங்கும். இன்று கோவிந்தம்மாள் உப்பு கேட்கவில்லை. அடி ஒட்டியதையும் சுரண்டித் தின்றாள்.

வெயில் கூரையிலிருந்து இறங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் விழவில்லை. நஞ்சம்மாளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ராஜப்பன் கோடியை நஞ்சம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பறை முழங்கியது. பாஞ்சாலியைக் குளிப்பாட்டக் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. கோவிந்தம்மாள் கழுவத் தண்ணிக்காகக் களி ஒட்டிய கையை நீட்டியபடி நின்றாள். ஒவ்வொரு குடமும் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. விரலிடுக்கில் களி காய்ந்து வெடித்தது.