விரலை எடுத்த பிறகும் எழுபத்திரண்டு

இயந்திரங்களைச் சாகடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நோயாளியின் கட்டிலருகே நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர். அதற்குள் எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல் என்ற மென்பொருள். ஒரே ஒரு கட்டளை அடித்து அதை வேண்டுமென்றே விழவைப்பேன். ஏன் விழுந்தது என்று பதிவு செய்துவிட்டு, இருபது நொடிக்குள் அது தானாக எழ வேண்டும். அலுவலகத்தில் என் பெயர் கொலைகாரி.

நூறு முறை விழவைத்தேன். நூறு முறையும் எழுந்தது. ஆனால் நூறு முறையும் மானிட்டர் மேசைமேல் சும்மா கிடந்தது. சென்சாரை மாட்டிப் பார்க்கச் சோதனைப் பட்டியலில் சொல்லவில்லை. நூற்றியோராவது முறை என் விரலில் மாட்டிக்கொண்டேன். சென்சார் விடாமல் தகவல் அனுப்ப, எழ வேண்டிய கெர்னல் பாதியில் சிக்கிக்கொண்டது. அலாரம் இல்லை. திரையில் எழுபத்திரண்டு. விரலை உருவினேன். அப்போதும் எழுபத்திரண்டு.

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"உன்னை யாரும்மா விரல விடச் சொன்னா? லிஸ்ட்ல இருக்கா?"

"ஆஸ்பத்திரியில விரல் இல்லாமலா சார் மாட்டுவாங்க?"

"வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு. நிஜத்துல அது எப்பவோ ஒருதரம்தான் விழும். நாளைக்கு ஆஸ்பத்திரிகளுக்கு லோடு ஏறணும். நூறும் பாஸ்னு கையெழுத்துப் போடு. உன் வேலைய நிரந்தரமாக்கற லெட்டரும் வெள்ளிக்கிழமை என் மேசைக்குத்தான் வருது."

என் அம்மா ஆஸ்பத்திரி வார்டில் தரை துடைக்கிறாள். எனக்கு வேலை நிரந்தரமானதும் நின்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்து நான் பொய்க்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"உங்க விரலக் கொடுங்க சார்."

மாட்டினேன். விழவைத்தேன். எண்பத்தாறில் நின்றது. அவர் விரலை எடுத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இதை நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோல்வி என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் அனுப்பினேன். லோடு நின்றது. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது: இன்னும் ஆறு மாதம் தற்காலிகம், குழுவோடு ஒத்துப்போகவில்லை.

"ஏண்டி, உனக்கு மட்டும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?" என்றாள் அம்மா. நடந்ததைச் சொன்னேன். காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பேஷண்ட் கூட வந்தவங்க அந்த நம்பரத்தான்டி வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. வேற என்ன தெரியும் அவங்களுக்கு?" தைலப் புட்டியை மூடினாள். "லோடு போகலல்ல?"

"போகலம்மா."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போனை எடுத்து வார்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"நான் வேலைய விட்டு நிக்கலங்க. எனக்குப் பதிலா வர்றதா இருந்த பொண்ண வர வேணாம்னு சொல்லிடுங்க."