பரீட்சை எழுதிய மயக்கம்

புள்ளியியல் படித்தவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளி' என்றே பேர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் பள்ளிப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்து, எந்த நோய் எந்தப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பிள்ளைகளின் பெயர் மட்டும் அவள் கண்ணில் படாது. இணைப்புப் பிரிவுக்காரர் பூட்டிய அறைக்குள் இரண்டு பதிவேடுகளையும் பொருத்தி, பெயர்களை நீக்கிவிட்டு, வெறும் எண்களாக அனுப்புவார்.

அந்த எண்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் அவளைத் திணறடித்தார்கள். ஒருவனுக்குக் காலை பத்து மணிக்குக் கையில் அறுவைச் சிகிச்சை. அதே பத்து மணிக்குப் பள்ளியில் கணக்குப் பரீட்சை எழுதித் தொண்ணூற்றெட்டும் வாங்கியிருக்கிறான்.

இயக்குநருக்கோ கால் தரையில் பாவவில்லை.

"ஆஸ்பத்திரியில படுத்தாலும் படிப்ப விடல பாத்தியாம்மா! வெள்ளிக்கிழமை அமைச்சர் முன்னாடி இதத்தான் பேசப்போறேன்."

"மயக்க ஊசி போட்டவன் எப்படி சார் பரீட்சை எழுதுவான்?"

"ஆர்வம் இருந்தா முடியும்மா."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் இரட்டைப் பையன்கள் சோபாவுக்குப் பின்னால் பதுங்கியிருக்க, அக்கா போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் தடுப்பூசி போட்டாச்சுங்க! நீங்க ரெண்டையும் ஒருத்தன் பேர்ல எழுதிக்கிட்டா நான் என்ன பண்ண? திரும்பத் திரும்பக் குத்த என் புள்ள என்ன கோணிப்பையா?"

போனை வைத்துவிட்டுத் தங்கையிடம் பொரிந்தாள். "ஒரே பிறந்தநாள், ஒரே வீடு, பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். எழுத்துப் பிழைன்னு நெனச்சுட்டாங்களாம். எல்லாம் உங்க மாமா பேர் வச்ச லட்சணம்!"

புள்ளிக்குப் பொறி தட்டியது. "மாமா வாழ்க!" என்று கத்தினாள்.

"அவர வேற ஏன்டி ஏத்தி விடற?"

மறுநாள் காலை இணைப்புப் பிரிவின் கதவைத் தட்டினாள். விரலளவு திறந்தது.

"பேர் சொல்ல மாட்டேன்," என்றார் உள்ளிருந்தவர்.

"வேண்டாங்க. இந்த இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும், அதே வீட்டுல அதே நாள்ல பொறந்த இன்னொரு பிள்ள இருக்கான்னு மட்டும் பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. அரை நாள் கழித்துத் திறந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இருநூத்தி ஒம்பது பேருக்கு இருக்கு. அண்ணன் ஆஸ்பத்திரியில, தம்பி பள்ளிக்கூடத்துல. கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒருத்தனாக்கிடுச்சு."

"மிச்சம் மூணு?"

"அது நான் பண்ண தப்பு. வெளிய சொல்லிடாதீங்க."

"நானும் பேர் சொல்ல மாட்டேங்க."

இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "பேச்ச மனப்பாடமே பண்ணிட்டேனேம்மா!"

இணைப்புப் பிரிவுக்காரர் இரட்டையர்களைப் பிரித்து அனுப்ப, புள்ளி எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டாள். புதிதாக ஒன்று தெரிந்தது. காதில் அடிக்கடி சீழ் பிடித்த பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் புதுக் காகிதத்தைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி அதை வாசித்தார். அதுவரை கொட்டாவியை மென்றுகொண்டிருந்த அமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப, காதே சரியாக் கேக்காத புள்ளையவா கவனிக்கலன்னு திட்டிக்கிட்டிருந்தோம்?"

வரும் ஆண்டிலிருந்து பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுப் பரிசோதனை என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவானது. பின்வரிசையில் இருந்த புள்ளி, இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.