படியேறிய தண்ணீர்

1947ஆம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், விடியற்காலை ஐந்து மணி ஐம்பது நிமிஷத்துக்கு, ஷரீபுன்னிசா திறந்துவிட்ட தண்ணீர் திருத்தணி மலையின் முதல் படியில் ஏறிற்று. படிக்கு ஒரு நிமிஷம். முந்நூற்று அறுபத்தைந்து படியையும் ஏறி, பகல் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் உச்சியைத் தொட்டது. அதே ஆடியில் நாட்டில் வேறு பெரிய சேதிகளும் நடந்தன. அவற்றை எழுத ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கே தண்ணீரை மட்டும் சொல்கிறேன்.

மலையடிவாரத்துக்கு வடக்கே ஆதிகேசவ நாயுடுவின் வேர்க்கடலை நிலத்தை யுத்தத்தின்போது பட்டாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு முகாம் போட்டார்கள். யுத்தம் முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் நடுவில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. குளத்தை ஒட்டி ஒரு பம்பு அறை, அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம், டிரம்முக்குள் மணல். குளத்துத் தண்ணீர் மேலே நுழைந்து, மணலில் அழுக்கை விட்டுவிட்டு, கீழே தெளிந்து வெளியேறும். வாரத்துக்கு ஒரு நாள் வால்வைத் திருப்பித் தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டால் மணல் கிளம்பிப் புரண்டு, பிடித்துவைத்த அழுக்கையெல்லாம் கழிவுக்குழாய் வழியாகக் கக்கிவிடும். இதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் குலாம் ரசூல் 1945இல் காய்ச்சலில் போய்விட்டார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வேலையைக் கற்றுக்கொண்ட அவர் மனைவி ஷரீபுன்னிசா, அந்தப் பம்பு அறையிலேயே அடுப்பு வைத்துக் குடியிருந்து, டிரம்மையும் கவனித்துக்கொண்டாள். அவளுக்கு வேறு வீடு கிடையாது. காவடி எடுத்து வருகிறவர்கள் அந்தக் குளத்தில் குளித்துவிட்டு மலை ஏறினார்கள். நாயுடுவுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

1946 ஆயுத பூஜையன்று மெஷினுக்கு ஓய்வு. டிரம்மின் தண்ணீரை வடித்து, மேல்மூடியைத் திறந்துவைத்துவிட்டு, ஷரீபுன்னிசா எலுமிச்சம்பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். பூஜை போட வந்தவள் கோவிந்தம்மாள். மலைமேல் கல்தொட்டிக்குத் தினமும் இருபது குடம் தண்ணீர் சுமக்கிறவள், ஷரீபுன்னிசாவின் சிநேகிதி. வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, உழைப்பது உள்ளே இருக்கிற மணல்தானே என்று அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. மூன்று படி விபூதி, ஒரு சட்டி அரைத்த சந்தனம், மஞ்சள், குங்குமம் எல்லாவற்றையும் மணலின் தலையில் அள்ளிப் பூசி, கும்பிட்டு, மூடியைப் போட்டுவிட்டுப் போனாள். பக்தியில் குறையே இல்லை.

தையில் தண்ணீர் கலங்கிற்று. பங்குனியில் பச்சையாயிற்று. பிரஷர் முள் கடைசிக் கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஷரீபுன்னிசா வாரம் தவறாமல் தண்ணீரைத் திருப்பிவிட்டும் பலனில்லை. ஆனியில் நாயுடு வந்து குளத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்மா, இது குளமா, சாணிக்குட்டையா? கிருத்திகைக்கு மொத நாள் பன்னெண்டு மணிக்குள்ள தண்ணி தெளியலன்னா, சாவியக் குடுத்துட்டுப் போயிடு. மண்ணக் கொட்டி மூடிட்டு கடலை போட்டுக்கறேன்."

"தெளிஞ்சிடுங்க நைனா," என்றாள் அவள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சேதி கேட்டுத்தான் கோவிந்தம்மாள் ஒன்பது மாதம் வயிற்றில் வைத்திருந்ததைக் கொட்டினாள். "நாந்தாங்க்கா பாவி. உள்ள மணலுக்கும் பூச போட்டேன். சாமி கோச்சிக்கிச்சு போல."

"சாமி கோச்சிக்கல. மணலு கட்டிகினு கெடக்குது. வா, கை குடு."

மூடியைத் திறந்தார்கள். மணல் ஒரே கல்லாக இறுகியிருந்தது. வாசனை மட்டும் கோயில் போல இருந்தது. கடப்பாரையால் பெயர்த்து, ஒன்பது மூட்டை மணலையும் வெளியே எடுத்து, அண்டாவில் போட்டு அரிசி களைவதுபோல் களைந்தார்கள். ஒரு பிடி மணலைச் சொம்பில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் கலங்காமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அதற்கு ஆறு நாள் பிடித்தது. அடியில் பெரிய கூழாங்கல், மேலே சின்னது, அதன்மேல் பருமணல், கடைசியில் நைஸ் மணல் என்று குலாம் ரசூல் போட்ட வரிசையிலேயே போட்டு மூடினாள். பத்து நாள் பம்பு ஓடியதில் குளத்தின் அடித்தளம் தெரிந்தது. மீதமிருந்த வண்டலைக் கக்க வைக்க, கெடு நாளன்று விடியற்காலை வால்வைக் கீழிருந்து மேலாகத் திருப்பினாள்.

முதலில் பச்சையாக வந்தது, பிறகு மஞ்சளாக, பிறகு சந்தன நிறத்தில். எல்லாம் கடலை நிலத்தில் பாய்ந்தது. தெளிந்து வந்ததும் வால்வை மூடக் கை வைத்தாள். அப்போதுதான் தண்ணீர், கீழிருந்து மேலே போகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, நிலத்தைவிட்டுத் திரும்பி, ரோட்டைக் கடந்து, மலையைப் பார்த்து நடந்தது.

படிகளில் பூசியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் அது கரைக்கவில்லை. எரிந்த கற்பூரத்தை அணைக்கவில்லை. காவடிக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் ஏறிற்று. பாதி வழியில் ஒருவர் இது யார் வீட்டுத் தண்ணீர் என்று விசாரித்தார். தண்ணீர் நிற்கவில்லை. உச்சியில் காய்ந்துகிடந்த கல்தொட்டிக்குப் பக்கத்தில், அந்த வருஷம் கிருத்திகைக் கூட்டத்துக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, தண்ணீர் எங்கே என்று தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நாயுடுதான். தண்ணீர் அவர் காலை நனைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி விளிம்புவரை நிரம்பிற்று. அவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். உள்ளங்கை ரேகை தெரிந்தது. குடித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஈர ஓரமாகவே இறங்கி வந்தவரிடம் ஷரீபுன்னிசா சாவியை நீட்டினாள். பன்னிரண்டு தாண்டியிருந்தது, அவருக்குக் காட்ட வேண்டிய தண்ணீரோ மலைமேல் போய்விட்டது, சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

"அத்த நீயே வெச்சிக்கோம்மா," என்றார் நாயுடு. "நாளைக்கு எத்தினி மணிக்குத் தொறப்பே? ஜனங்க வந்துகினே கீறாங்க."

"இன்னிக்கி மாதிரியே தாங்க. ஆனா டிரம்முக்கு வெளியதான் பொட்டு, நைனா. ஊருக்கே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டார். அந்த வருஷத்துக் கடலையில் சந்தனம் மணத்தது. மறு வருஷமும், அதற்கு மறு வருஷமும் தண்ணீர் ஏறிற்று. பூக்காரிகள் கூடையை இடதுபக்கம் நகர்த்தி வழிவிட்டார்கள். ஏறுகிறவர்கள் புடவையை ஒரு சாண் தூக்கிக்கொண்டார்கள். கோவிந்தம்மாள் மட்டும் அதனோடு கூடவே ஏறுவாள், படிக்கு ஒரு நிமிஷம், தலையில் குடமில்லாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு.