அழகான கதவு

இந்தக் காலத்தில் யாரும் ஒரு சொல்லைச் சொல்லாக வாங்கிக்கொள்வதில்லை. கதையில் மழை பெய்தது என்று எழுதியிருந்தால், "மழைன்னா என்ன?" என்று பிள்ளைகளைக் கேட்கிறார்கள். மழை என்றால் மழைதான். நனைந்தவனுக்குத் தெரியாதா? இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு டீச்சர், அவளுக்கு ஒரு சம்பளம்.

இப்படி முணுமுணுத்துக்கொண்டே எலெயுத்தேரியோ பேத்தியோடு உயர்நிலைப் பள்ளியின் படியேறினார். அவர் வேலை செய்கிற கோழி இறைச்சி ஆலையில் எல்லோரும் மரியாதைக்கு அவரை தொன் தேயோ என்பார்கள். அறுபத்தேழு வயதில் நாள் முழுக்கக் கோழிகளைக் கொக்கியில் மாட்டுகிற வேலை. மடங்கிய விரல்கள் சாயங்காலத்துக்கு மேல் நிமிர்வதில்லை. சொந்த நாடான ஹோண்டுராஸில் இரண்டாம் வகுப்போடு படிப்பு தீர்ந்தது. பேத்தி நொயெமிக்குப் பதினாறு. இங்கிலீஷ் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று இருந்த வகுப்பில் உட்கார்ந்து, இங்கே வந்த மூன்று வருஷத்தில் அவர் வாயில் நுழையாததையெல்லாம் பேசினாள்.

டீச்சர் மிஸ் டென்னிங் அரைகுறை ஸ்பானிஷில் வரவேற்றாள். "வாங்க தொன் தேயோ, உக்காருங்க."

"என்ன தப்பு பண்ணினா?"

"தப்பே இல்ல. வகுப்புலயே இவ ஒருத்திதான் சரியா எழுதினா."

"சரியா எழுதினதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க? தப்புக்குத்தானே பெரியவங்களைக் கூப்பிடுவாங்க."

நொயெமி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். சுவரில் பெரிய எழுத்தில் மூன்று வரி ஒட்டியிருந்தது. அவள் ஏற்கெனவே அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள்: சொன்ன வார்த்தையைக் காட்டு. அது என்ன சொல்கிறது என்று சொல். உனக்கு எப்படித் தெரியும் என்று சொல்.

பிள்ளைகளுக்கு அரைப் பக்கக் கதை ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று, "உன் நாய் ரொம்ப அழகு" என்கிறான். கதை அவ்வளவுதான். அவனுக்கு நாய் பிடித்திருக்கிறது என்று எல்லோரும் எழுதினார்கள். நொயெமி எழுதியதை டீச்சர் படித்துக் காட்டச் சொன்னாள்.

"அவன் நாயைப் புகழவில்லை. கொல்லப்போகிறான். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்கிறான். பிடித்திருந்தால் பெயரைக் கேட்பான், வயதைக் கேட்பான். இவன் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவையும் இப்படித்தான் புகழ்ந்தார்கள்."



ஹோண்டுராஸில் அவர்களுடையது தெருமுனை வீடு. ஜன்னலில் நின்றால் இரண்டு சாலையும் தெரியும். அந்த வட்டாரத்து ரவுடிக் கும்பல் பையன்களுக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. காலி பண்ணு என்று ஒருநாளும் சொல்லவில்லை. மகன் ருபிலியோ அப்போதுதான் வாசல் இரும்புக் கதவுக்குப் பச்சை அடித்திருந்தான். "உங்க கதவு ரொம்ப அழகா இருக்கு, தொன் தேயோ" என்றார்கள். மறுநாளும் சொன்னார்கள். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் ருபிலியோ அந்தக் கதவடியில் கிடந்தான்.

இந்த நாட்டுக்கு வந்து அடைக்கலம் கேட்டபோது அதிகாரி அவரிடம், "மிரட்டினாங்களா?" என்றார். உண்மையே பேசுவதாகக் கையைத் தூக்கியிருந்தார் தொன் தேயோ. "இல்லீங்க. கதவு அழகா இருக்குன்னாங்க" என்றார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். விஷயம் நீதிபதியிடம் போய்விட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் விசாரணை. தோற்றால் இருவரையும் அதே தெருமுனைக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

"நீதிபதிகிட்ட நொயெமி இதைச் சொல்லட்டும்" என்றாள் டீச்சர். "உங்க வக்கீலும் சரிங்கறாங்க."

"சொல்லாததைச் சொன்னதா சொன்னா அது பொய், டீச்சரம்மா."

"பொய் இல்ல. சொன்னதுக்குள்ளயே இருக்கு."

"நான் கையைத் தூக்கிச் சொன்னது ஒண்ணு, இவ போய்ச் சொல்றது ஒண்ணா?"

நொயெமி அவரை நேராகப் பார்த்தாள். "தாத்தா, மூணாம் நாள் அவனுங்க போனதும் நீ கட்டிலை இழுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தியே. கதவு அழகா இருக்குன்னு சொன்னதுக்கா?"

"வாயை மூடுடி."



விசாரணை அன்று நொயெமி இங்கிலீஷிலேயே பேசினாள். மொழிபெயர்ப்பாளர் தொன் தேயோவின் காதில் கிசுகிசுத்தார். வார்த்தையைச் சொன்னாள். அது என்ன சொல்கிறது என்றாள். கட்டிலைச் சொன்னாள், மூன்று நாளைச் சொன்னாள், நான்காம் நாளைச் சொன்னாள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். தொன் தேயோவுக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது.

அரசாங்க வக்கீல் எழுந்தார். கனிவான மனிதர். "ரொம்ப அழகா விளக்கறே. இதை எங்க கத்துக்கிட்டேம்மா?"

"ஸ்கூல்ல."

"வார்த்தைக்குப் பின்னால வேற அர்த்தம் இருக்கும், தேடுன்னு டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"ஆமா."

"கண்டுபிடிச்சா மார்க்கு?"

"ஆமா."

"கண்டுபிடிக்கலைன்னா?"

நொயெமி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல."

"இந்தக் கதவுக்கு எவ்வளவு வாங்கினே?"

"நூத்துக்கு நூறு."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மிரட்டல் இல்லை என்று பெரியவரே சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். பேத்தி சொல்வது பாடத்தில் பயின்ற விளக்கம். கொலைக்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

வெளியே தாழ்வாரத்தில் டீச்சரின் கண் சிவந்திருந்தது. "அவ சொன்னது அத்தனையும் சரி, தொன் தேயோ."

"சரின்னா ஏன் தோத்தோம்?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியல."

"நூறு மார்க்கு போட்டீங்களே. ஒரு பத்து குறைச்சிருந்தா அவ சொந்தமா யோசிச்சான்னாவது நம்பியிருப்பாங்க."

அரசாங்க வக்கீல் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார். நொயெமி அருகில் நின்று, தொன் தேயோவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

"என்னடி சொன்னார்?"

"பேத்தி ரொம்பப் புத்திசாலின்னார், தாத்தா."

தொன் தேயோ மூடிய லிஃப்ட் கதவையே பார்த்தார். "அப்படின்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா சொல்றார்."

"அவர் நல்ல எண்ணத்துலதான் சொன்னார்" என்றாள் டீச்சர். "மேல்முறையீட்டுக்கு நான் கடிதம் எழுதித் தர்றேன், தொன் தேயோ. இன்னும் வழி இருக்கு."

"சும்மா யாரும் சொல்றதில்ல, டீச்சரம்மா" என்றார் அவர். நிமிராத விரல்களால் பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை விட்டுவிட்டுப் படிவழியாக இறங்கத் தொடங்கினார். மேலே டீச்சர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நிற்கவில்லை.